கூப்பிடுகிற காடை

விடியக்காலையில் எழுந்ததும் பெரியாயிக்குத் தொண்டை வலித்தது. சளி பிடித்த வலி இல்லை. கல்யாண வீட்டில் ராத்திரி பூராவும் குலவை போட்டுவிட்டு மறுநாள் எழுந்தால் இருக்குமே, உள்ளே தோல் உரிந்த மாதிரி, அப்படி ஒரு வலி. இவள் யாரிடம் பேசினாள் தொண்டை வலிக்க? இருபது ஒற்றையறைக் காம்பரா வரிசையாய் இருக்கிற கூலி லயத்தில் இப்போது இவள் ஒருத்திதான். நேற்று முழுக்கப் பேசியது நாலு வார்த்தை, அதுவும் காடைகளோடு. பனி இறங்குகிற மாசம், அதனால்தான் என்று கொத்தமல்லித் தண்ணீர் வைத்துக் குடித்தாள். இன்றோடு மூன்று நாளாய் அதே வலி, அதே கொத்தமல்லித் தண்ணீர்.

அது போதாதென்று காடைகள் வேறு. பக்கத்துக் காம்பராவில் கூண்டு கூண்டாய் நாற்பது உருப்படி வளர்த்து வந்தாள். விடியும் நேரத்தில் அதுகளின் கீச்சலும் குரக்கன் தானியத்தைக் கொத்துகிற சத்தமும் சேர்ந்து, சட்டியில் கடுகு வெடிப்பது போலக் கேட்கும். மூன்று நாளாய் ஒரு சத்தம் இல்லை. கதவைத் திறந்து பார்த்தால் நாற்பதும் மணலோடு மணலாக ஒட்டிப் படுத்துக் கிடந்தன. சாகவில்லை. கண் திறந்திருந்தது. மேலே பருந்தின் நிழல் விழுந்தால் காடை அப்படித்தான் படுக்கும், நிழல் போனதும் எழுந்துவிடும். கூரைக்கு அடியில் ஏது பருந்து? இரைச்சட்டி வைத்தது வைத்தபடி இருந்தது. முட்டையும் இல்லை.

பசறைக்கு மேலே சாம்பமலைத் தோட்டம் என்றால் கோப்பிக் காலத்தில் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு முந்நூறு பேர் நிற்பார்கள். பிறகு கோப்பி இலைக்கு அடியில் மஞ்சள் பொடி பூத்தது. இரண்டே வருஷம், மலை முழுக்க விறகாய் நின்றது. கங்காணி தன் ஆட்களைத் திரட்டிக்கொண்டு ஹல்துமுல்லைப் பக்கம் தேயிலைக்குப் போனார். துரை பங்களாவைப் பூட்டிக்கொண்டு போனார். மிச்சம் இருந்தவர்கள் இன்றைக்கு ஒரு குடும்பம், அடுத்த மாசம் ஒரு குடும்பம் என்று சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நல்ல காரணம் இருந்தது, யாரையும் குறை சொல்ல முடியாது. பூட்டிய தோட்டத்துக்குக் காவலாகப் பெரியாயியின் புருஷன் அழகையாவை மட்டும் இருக்கச் சொன்னார்கள். கூட இரண்டு மூன்று காம்பராவில் போக்கிடம் இல்லாதவர்கள் இருந்தார்கள்.

காடைத் தொழிலை ஆரம்பித்தது அழகையாதான். மதுரைப் பக்கம் அவர்கள் குடும்பத்துக்கே வலை வீசத் தெரியும். கோப்பி செத்த மலையில் புல் ஏறியதும் காடை வந்தது, காடை வந்ததும் அந்த மனுஷனுக்குக் கை துறுதுறுத்தது. வலையில் விழுந்ததைக் கூண்டில் போட்டுக் கொழுக்க வைப்பார். பெட்டைகள் இடுகிற புள்ளி முட்டையைக் குட்டைக் கோழியின் அடியில் வைத்துப் பொரிக்க வைப்பார், ஏனென்றால் கூண்டுக்குள் காடை அடைகாக்காது. துரைமார் பங்களாக்களுக்குக் கறியும் முட்டையும் மொஹிதீன் என்கிற மூட்டை வியாபாரி வழியாகப் போகும். அவர் அதற்குப் பதிலாக அரிசியும் துணியும் எண்ணெயும் கொண்டுவந்து கொடுப்பார்.

காடைக் கூண்டுக்கு மேலே பலகை அடிக்கக் கூடாது. சாக்குத்தான் கட்ட வேண்டும். பயந்தால் காடை பக்கவாட்டில் ஓடாது, நேரே மேலே எகிறும். மேலே பலகை இருந்தால் மண்டை பிளந்துவிடும், சாக்காக இருந்தால் மெத்தென்று தட்டித் திரும்ப விழும். காடை பிடிக்க ஆரம்பித்த புதிதில் புருஷன் இதைச் சொன்னபோது, கூண்டில் அடைக்கிறதையும் அடைத்துவிட்டு மண்டைக்கு மட்டும் இத்தனை பரிவா என்று பெரியாயி சிரித்தாள். அவரும் சிரித்தார். செத்த காடையை யார் வாங்குவான் என்று கேட்டார்.

அப்புறம் கூப்பிடுகிற சேவல். அது தனி. விடியலிலும் அந்தியிலும் அது கூப்பிட்டால், புல்லுக்குள் இருக்கிற காட்டுக் காடை நடந்தே வந்து வலைக்குள் நுழையும். பெரட்டுக் களத்தில் சின்ன துரை நின்று கத்துகிற மாதிரிக் கத்துவதால் அதற்குச் சின்னதுரை என்று பேர் வைத்திருந்தார்கள். சின்னதுரையைக் கூப்பிட வைப்பதில்தான் அழகையாவின் வித்தை முழுக்க இருந்தது. துணை இருந்தால் சேவல் கூப்பிடாது. அதற்காக எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுத்துவிட்டால் ஏங்கிப்போய் இரை எடுக்காமல் செத்துவிடும். ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். இன்றைக்கு ஒரு பெட்டை, நாலு நாள் கழித்து இன்னொன்று. கடைசிக் கூண்டையும் கண்ணுக்கு மறைவாகக் கொண்டுபோன பிறகு பார்க்க வேண்டுமே, அது கூப்பிடுகிற கூப்பாட்டைக் கேட்டால் மனுஷருக்கே எழுந்து போகத் தோன்றும். ஒவ்வொரு காடை விழுந்த பிறகும் ஒரு கை கறையான் கொண்டுவந்து அதற்குப் போடுவார். அதுக்குத் தெரியாது பிள்ளை, ஏன் குடுக்கிறேன்னு அதுக்குத் தெரியாது என்பார்.

அழகையா போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு நாள் அந்தியில் வலையைச் சுருட்டப் போனவரை, கஞ்சி ஆறுகிறதே என்று வாசலில் நின்று கூப்பிட்டாள். பனிக்குள்ளிருந்து வர்றேன் என்று பதில் வந்தது. ஆள் வரவில்லை. காலையில் கதவைத் திறந்தால் வாசற்படியில் ஒரு குவியல் நெல்லிக்காய். காம்பு இல்லை, இலை இல்லை, ஒவ்வொன்றும் கழுவித் துடைத்த மாதிரி. அது நெல்லி காய்க்கிற மாசமும் இல்லை. பெரியாயிக்கு நெல்லிக்காய் என்றால் உயிர் என்பது அவருக்குத் தெரியும். ராத்திரி வந்து வைத்துவிட்டு மறுபடி வலைக்குப் போயிருக்கிறார் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே அதைத் தின்றாள். பிறகு தேடினார்கள். சிறுத்தை அடித்திருக்கும் என்றார்கள். அந்த நெல்லிக்காய்தான் அவர் கடைசியாகக் கொடுத்தது. இரண்டு வருஷமாய் அதை நினைத்துத்தான் இவள் தூங்கப் போகிறாள்.

அவருக்குப் பிறகு மற்றவர்களும் இறங்கிப்போக, லயத்தில் மிஞ்சியது ரெங்கம்மா மட்டும். ஐந்து காம்பரா தள்ளி இருந்தாள். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். போன மாசம் ஓர் அந்தியில் வந்து நின்று, எதற்குக் கூப்பிட்டாய் என்றாள். பெரியாயி கூப்பிடவில்லை. வாசலில் உட்கார்ந்தபடி கண் அசந்திருந்தாள், அவ்வளவுதான். மறுநாளும் வந்தாள். மூன்றாவது நாள் வந்தபோது கிட்டே வரவில்லை, முற்றத்துக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

“நீதான் கூப்பிடுற பெரியாயி. வாய் அசையறத நின்னு பாத்தேன். கண்ணு மூடியிருந்துச்சு.”

விடிந்ததும் பசறையில் இருக்கிற தம்பி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் அவள் காம்பராக் கதவு திறந்து கிடந்தது. பெரியாயி வீட்டு வாசற்படியில் நெல்லிக்காய்க் குவியல். கோபமாய்ப் போனாலும் போகிற போக்கில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாளே என்று பெரியாயி அழுதாள், தின்றாள். அன்றையிலிருந்து தனி.

தனி என்றால் என்ன என்று அதற்குப் பிறகுதான் இவளுக்குத் தெரிந்தது. அடுப்பு ஊதினால் அந்தச் சத்தம் இருபது காம்பராவுக்கும் போய்த் திரும்பி வந்தது. இரண்டு கவளம் சோற்றுக்கு உலை வைப்பது வெட்கமாக இருந்தது. பூனாகலையில் கட்டிக்கொடுத்த மகள் கனகம் முழுகாமல் இருக்கிறாள், ஏழு மாசம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும். ஆனால் ஆளில்லாத லயத்துக்கு யார் பிள்ளைத்தாய்ச்சியை அனுப்புவார்கள்? அங்கேயே பார்த்துக்கொள்கிறோம் என்று சம்பந்தி வீட்டார் சொன்னது நியாயம்தான். புத்திக்கு நியாயம், வயிறு கேட்கவில்லை. பிள்ளை பெற்றவளுக்குக் காடைக்கறிதான் பத்தியம், காடை வளர்க்கிற ஆத்தா இருந்தும் என் மகளுக்கு அது இல்லையே என்று ஒவ்வோர் அந்தியிலும் வாசலில் உட்கார்ந்து நினைப்பாள். நினைத்துக்கொண்டே கண் அசந்துவிடும்.

சனிக்கிழமை மொஹிதீன் வந்தார். உச்சி வேளை, ஆனாலும் பனி கலையவில்லை. மூட்டையை இஸ்தோப்புத் திண்ணையில் இறக்கிவிட்டு மூச்சு வாங்கினார்.

“என்னா தங்கச்சி, வளைவுலேர்ந்து கூப்பிட்டுக்கிட்டே இருந்தியே. வர்றேன் வர்றேன்னு நானும் பதில் சொன்னேனே, கேக்கலியா?”

தொண்டை கட்டியிருக்கிறது, காலையிலிருந்து வாயே திறக்கவில்லை என்று பெரியாயி கிசுகிசுத்தாள். அதைச் சொல்வதற்கே உள்ளே எரிந்தது. மொஹிதீன் அவள் முகத்தைப் பார்த்தார். லயத்தின் நீளத்தைக் கடைசிக் காம்பரா வரைக்கும் பார்த்தார். வேறு யாராவது வந்து இருக்கிறார்களா என்று கேட்டார். யார் இருக்கிறார்கள் என்றாள். அதற்கப்புறம் ரெங்கம்மாவைப் பற்றிக் கேட்டார். அவள் தம்பி கடைத்தெருவில் பார்த்து, அக்கா எப்போது வருகிறது என்று விசாரித்தானாம். போய் ஒரு மாசம் ஆகிறதே என்றாள் பெரியாயி.

காடைக் கூண்டுகளைக் குனிந்து பார்த்தார். நாற்பதும் அப்படியே ஒட்டிக் கிடந்தன. நாற்பதும் ஒரு கண்ணை மேலே திருப்பி வைத்திருந்தன. உருப்படி எடுக்க வந்தவர் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். கஞ்சி குடிக்கச் சொன்னதற்கும் வேண்டாம் என்றுவிட்டு மூட்டையைத் தலையில் ஏற்றினார். ஏற்றிய பிறகுதான் நினைவு வந்தவர் மாதிரி அந்தச் செய்தியைச் சொன்னார்.

“பூனாகலையில ஒன் மகளப் பாத்தேன். ராவும் பகலும் அம்மா கூப்பிடுற மாதிரியே காதுல கேக்குதாம். இருக்க முடியல, செவ்வாக்கிழம வந்துடுறேன்னு சொல்லச் சொல்லிச்சு. புருஷன் வண்டியில கூட்டிட்டு வர்றாராம்.”

மொஹிதீன் நானா, நெசமாவா என்று பெரியாயி கேட்டாள். குரல் வரவில்லை, காற்றுத்தான் வந்தது. தொண்டை வலி, ரெங்கம்மா, காடை எல்லாம் அந்த நிமிஷத்தில் மறந்துபோயிற்று. மகள் வருகிறாள். மொஹிதீன் பாதையில் இறங்கிப் பனிக்குள் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் போனதும் லயம் முன்னைவிட வெறிச்சோடியது. ஒரு மனுஷன் வந்து நாலு வார்த்தை பேசிவிட்டுப் போனால் அப்படித்தான் இருக்கும். கதவு நிலையில் சாய்ந்து உட்கார்ந்தாள். கொஞ்சம் கண் அசந்தது.

ஞாயிறு காலையில் வாசற்படியில் நெல்லிக்காய் இருந்தது.

நல்ல மனுஷன், என் தொண்டை வலியைப் பார்த்துவிட்டு எங்கேயோ தேடி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தாள். எப்போது வந்து வைத்தார் என்று நினைக்கவில்லை. ஒன்றைக் கடித்தாள். புளிப்பும் துவர்ப்பும் இறங்கி, அடியில் அந்த இனிப்பு வந்ததும் தொண்டை இதமாயிற்று. அன்றைக்கு முழுக்க வேலை. காம்பராவைச் சாணி போட்டு மெழுகினாள், பாயைக் காயப்போட்டாள், பத்தியத்துக்கென்று கொழுத்த காடையாக ஆறைப் பிரித்துத் தனிக் கூண்டில் விட்டாள். பிரிக்கும்போதுகூட அதுகள் எகிறவில்லை. கையில் ஈரத் துணி மாதிரிக் கிடந்தன. மகள் வந்தால் எல்லாம் சரியாகும், சந்தடி இருந்தால் காடையும் தெளியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

திங்கள் கிழமை, இரை எடுக்காத காடைகளுக்கும் சின்னதுரைக்கும் கறையான் எடுக்கப் பாதை வளைவு வரைக்கும் இறங்கினாள். அங்கேதான் பெரிய புற்று இருக்கிறது. பனி முழங்காலுக்கு மேலே எதையும் காட்டவில்லை. புற்றைக் கொத்தி, கறையானை மடியில் கட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது காலில் ஏதோ தட்டியது.

மொஹிதீனின் மூட்டை. பாதையோரமாய், சாயாமல், கட்டு அவிழாமல் நின்றது. பக்கத்தில் அவருடைய கம்பு. செம்மண் ஈரமாக இருந்ததால் காலடி தெளிவாய்ப் பதிந்திருந்தது. மேலேயிருந்து இறங்கி வந்த காலடி. வளைவில் நின்ற காலடி. மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பிய காலடி. லயத்தைப் பார்த்து மேலே மூன்று எட்டு.

நாலாவது எட்டு இல்லை.

சுற்றிலும் பார்த்தாள். இந்தப் பக்கம் செம்மண், அந்தப் பக்கம் செம்மண். ஒரு புல்கூட மடங்கவில்லை. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. யாரோ திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள், இவர் திரும்பியிருக்கிறார். கூப்பிட இங்கே யார் இருக்கிறார்கள்?

மடியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினாள். ஓடக்கூடாது என்று தோன்றியது, ஏன் என்று தெரியவில்லை. சின்னதுரையின் கூண்டு இஸ்தோப்பில் தொங்கியது. கை பழக்கத்துக்கு மடியை அவிழ்த்து ஒரு பிடி கறையானை எடுத்து உள்ளே போடப் போனது. போடப் போன கை அப்படியே நின்றது. உள்ளங்கையில் கறையான் ஊர்ந்தது.

ஒரு காடை விழுந்தால் ஒரு பிடி. அதுக்குத் தெரியாது பிள்ளை, ஏன் குடுக்கிறேன்னு.

அழகையா போன மறுநாள் ஒரு குவியல். ரெங்கம்மா போன மறுநாள் ஒரு குவியல். மொஹிதீன் போன மறுநாள் ஒரு குவியல்.

தின்றிருக்கிறாள். மூன்றையும் தின்றிருக்கிறாள். கட்டினவன் கடைசியாய்க் கொடுத்தது என்று இரண்டு வருஷமாய் நெஞ்சில் வைத்துக் காத்திருக்கிறாள். ஐயோ என்று வாய்விட்டு அழக்கூட அவளுக்குப் பயமாக இருந்தது. கறையானை உதறிவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். முந்நூறு பேர். அப்புறம் இருபது பேர். அப்புறம் நாலு பேர். ஒவ்வொன்றாக. அவசரமே இல்லாமல். அவள் ஏங்கிச் சாகாதபடிக்கு, ஒவ்வொன்றாக.

நாளைக்குக் கனகம் வருகிறாள்.

அதை நினைத்ததும் எழுந்துவிட்டாள். இப்போதே இறங்கினால் பசறைக்குப் போய்விடலாம், அங்கேயே வண்டியை மறித்து, மேலே வராதே, திரும்பிப் போ என்று சொல்லிவிடலாம். செருப்பில்லாத காலோடு ஓடினாள். வளைவு தாண்டி ஒரு தண்ணீர்க் கான் குறுக்கே ஓடுகிறது, சின்னப் பிள்ளைகூடத் தாண்டுகிற கான். சேலையைத் தூக்கிக்கொண்டு எகிறினாள்.

தலையில் ஏதோ தட்டியது.

மெத்தென்று. வலிக்கவே இல்லை. கானுக்கு இந்தப் பக்கமே விழுந்தாள். அண்ணாந்து பார்த்தாள். மரக்கிளை இல்லை, கொடி இல்லை, வெள்ளைப் பனி மட்டும். மறுபடி எகிறினாள். மறுபடி மெத்தென்று தட்டியது. இந்தத் தடவை வாசனையும் வந்தது. ஈரச் சாக்கு வாசனை, பழைய தானியத் தூசி வாசனை. கையை உயர்த்தினாள். விரல் நுனியில் சொரசொரப்பு. அது கொஞ்சம் உள்வாங்கியது. பிறகு மெதுவாக அவள் கையைக் கீழே தள்ளியது.

மேட்டுப் பாதையிலும் போய்ப் பார்த்தாள். புல்வெளிப் பக்கம் தவழ்ந்தும் பார்த்தாள். அங்கங்கே பனி தணிந்து, தணிந்து, கடைசியில் புல்லோடு வந்து ஒட்டியது. எங்கேயும் அவளுக்கு அடிபடவில்லை. ஒரு கீறல் விழவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

இருட்டும்போது காம்பராவுக்கு வந்தாள். ராத்திரி முழுக்கக் கண்ணை மூடாமல் இருந்தாள். கண் அசந்தால்தானே வாய் திறக்கிறது. மூடினால் மிளகாயைக் கிள்ளி இமையில் வைத்துக்கொண்டாள். விடிவதற்குள் அவளுக்கு ஒரு யோசனை வந்திருந்தது, காடைக்காரிக்கு மட்டும் வரக்கூடிய யோசனை. துணை இருந்தால் சேவல் கூப்பிடாது. எல்லாக் கூண்டையும் தன் காம்பராவுக்குள் கொண்டுவந்து அவிழ்த்துவிட்டாள். சின்னதுரையையும் பெட்டைகளுக்கு நடுவில் விட்டாள். கதவை அடைத்து, அடுப்பை அவித்து, விளக்கு ஏற்றாமல், சேலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் திணித்து அதன் மேல் ஒரு துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அவை நடுவே படுத்தாள். நான் தனி இல்லை, நான் தனி இல்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். நாற்பது காடையும் அவள் விலாவிலும் காலிலும் ஒட்டிக்கொண்டு நடுங்கின. உண்மையாகவே கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை பகல் அப்படியே போனது.

அந்தி சாய்கிற நேரம். கீழே தொலைவில் மாட்டு மணி கேட்டது. நின்றது. பேச்சுக் குரல். நீங்க பெட்டிய எறக்கிக்கிட்டு மாட்டக் கட்டிட்டு வாங்க, நான் மெதுவா முன்னால போறேன். கனகத்தின் குரல். எட்டு மாசம் ஆயிற்று அந்தக் குரலைக் கேட்டு.

காலடி ஏறியது. பிள்ளைத்தாய்ச்சிக் காலடி, அகலமாக, நின்று நின்று. வளைவில் நின்றது.

“அம்மா.”

பெரியாயி பல்லைக் கடித்தாள். துணி வழியாக எச்சில் கசிந்தது.

“அம்மா, நான்தான். வீட்ல இருக்கியா?”

அசையவில்லை. காடைகளும் அசையவில்லை. போயிடு கண்ணு. போயிடு. வெளக்கு இல்ல பாரு. ஆள் இல்ல பாரு. கத்த வேண்டும் போல இருந்தது. வராதே என்று ஒரே ஒரு வார்த்தை. ஆனால் வாயைத் திறந்தால் என்ன வரும் என்று இப்போது அவளுக்குத் தெரியும்.

பிறகு கனகம் தனக்குள் பேசிக்கொள்வது கேட்டது. புகையும் காணோம், வெளக்கும் காணோம், பசறைக்கே போயிருக்கும் போல. காலடி திரும்பியது.

கீழே இறங்கியது. ஒரு எட்டு. இன்னொரு எட்டு.

பிழைத்தாள். என் மகள் பிழைத்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. போகட்டும், போய் நல்லபடியாகப் பெற்றெடுக்கட்டும். காலடி தேய்ந்தது. இன்னும் தேய்ந்தது. இனி வரமாட்டாள். இனி இந்தப் படியில் யாரும் ஏறமாட்டார்கள். பெற்ற பிள்ளை வாசல் வரைக்கும் வந்து, முகத்தைக்கூடப் பார்க்காமல், திரும்பிப் போகிறது.

விலாவை ஒட்டியிருந்த சூடு குறைந்தது. தடவிப் பார்த்தாள். ஒரு காடை இல்லை. கால் பக்கம் தடவினாள். அங்கேயும் இல்லை. கதவு அடைத்தபடி இருந்தது. இருட்டில் ஒவ்வொன்றாக. சத்தமில்லாமல். ஒவ்வொன்றாக.

கடைசியாகக் கைக்குள் சின்னதுரை இருந்தது.

பிறகு கை காலியாக இருந்தது.

துண்டின் முடிச்சு தானாகத் தளர்ந்தது. சுருட்டிய துணி நாக்கிலிருந்து விலகியது. அடி வயிற்றிலிருந்து ஒன்று ஏறி வந்தது. அவள் அதைத் தொண்டையில் பிடித்தாள். நகத்தால் பிடித்தாள்.

“கனகம். வா. வாடி கண்ணு. ஆத்தா தனியா இருக்கேன், வா.”

எவ்வளவு நல்ல குரல். எவ்வளவு தெளிவு. அவள் வாழ்நாளில் அப்படிக் கூப்பிட்டதில்லை.

காலடி நின்றது.

“இருக்கியாம்மா? இரு, இரு. வந்துட்டேன்.”

ஏறியது. வேகமாக. மூன்று எட்டு.

விடிந்தபோது தொண்டை ரணமாக இருந்தது. காம்பராவில் ஒரு இறகுகூட இல்லை. பெரியாயி சுவரைப் பிடித்து எழுந்து, கதவைத் திறந்தாள். பனி முற்றத்து ஓரம் வரைக்கும் தணிந்து வந்து நின்றது.

வாசற்படியில் நெல்லிக்காய் இருந்தது. காம்பு இல்லாமல், இலை இல்லாமல், கழுவித் துடைத்தது. பெரிய குவியல்.

அதை ஒட்டி, தனியாக, ஒரு சின்னக் குவியல். உள்ளங்கை அளவு. பிஞ்சு நெல்லி.

எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது. கீழே வளைவுப் பக்கமிருந்து மருமகனின் குரல் வந்தது. ராத்திரி முழுக்கத் தேடித் தேடிக் கம்மிப்போன குரல். அத்தே, கனகம் அங்க வந்திருக்காளா, அத்தே, யாராச்சும் இருக்கீங்களா என்று கேட்டது. பெரியாயி குனிந்தாள். கை ஒரு நெல்லிக்காயை எடுத்தது. கடித்தாள். புளிப்பு இறங்கியது, துவர்ப்பு இறங்கியது, அந்த இனிப்பும் இறங்கியது. தொண்டை இதமாயிற்று.

நிலையில் சாய்ந்து உட்கார்ந்தாள். கண் அசந்தது. வாய் திறந்தது.